பம்மல் கடையில் கிடைத்த செயின்

இது கட்டுக்கதை இல்லை. போன வருஷம் ஆயுத பூஜையன்று, புதன்கிழமை, பட்டப்பகல் மூன்று மணி பத்து நிமிஷத்துக்கு நடந்தது. பேய் என்றால் நடு ராத்திரியில் வரும், நாய் ஊளையிடும், வெள்ளைப் புடவை கட்டியிருக்கும் என்று நினைப்பவர்கள் இப்போதே வேறு வேலை பார்க்கப் போகலாம். இதில் புடவையே கிடையாது. எல்லாம் பத்ரி வாயாலேயே கேட்டது. அவர் பொய் சொல்லத் தெரியாத மனுஷர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் தன்னைத் தானே அசிங்கப்படுத்திக்கொள்கிற மாதிரி ஒரு பொய்யைச் சொல்ல அவருக்கு என்ன தலையெழுத்து?

பத்ரி இரும்புலியூர்க்காரர். வயது நாற்பத்து மூன்று. பொத்தேரி பக்கம் ஒரு கல்லூரி ஆபீசில் வேலை. ஃபைலையெல்லாம் மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால் அவருக்கு ஒரே பைத்தியம்தான்... மோட்டார் வைத்த சைக்கிள். சாதாரண சைக்கிளின் நடுவில் ஒரு குட்டி பெட்ரோல் இன்ஜினைப் பூட்டி, இடது பக்கம் தனியாக ஒரு செயின் மாட்டிப் பின் சக்கரத்தைச் சுற்ற வைப்பது. நாலு மிதி மிதித்தால் படபடவென்று பிடித்துக்கொள்ளும். அந்த வட்டாரத்தில் முதலில் இதைச் செய்தவர் அவர்தான். அவரைப் பார்த்து இன்னும் ஆறு பேர் செய்தார்கள். வருஷா வருஷம் விஜயதசமி காலை ஆறு மணிக்கு ஏழு வண்டியும் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஏறி, வண்டலூர் திரும்பி, கேளம்பாக்கம் ரோட்டில் வரிசையாகப் போகும். முதல் வண்டி பத்ரியுடையது. நாலு வருஷமாக அந்த முதல் இடத்தை அவர் யாருக்கும் விட்டதில்லை.

அந்த ஏழு பேரில் கடைசியாக வந்தவன் ஜெர்சன். ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். சர்ச்சில் பாடுவான். சிரித்த முகம். இன்ஜினை எப்படி உட்கார வைப்பது, கிளட்ச் ஒயரை எப்படி இழுப்பது என்று ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்தது பத்ரிதான். கற்றுக்கொண்டவன் சும்மா இருந்தானா? பெட்ரோல் டேங்குக்குக் கரும்பச்சை அடித்தான். அதன்மேல் தங்கக் கலரில் மயிரிழைக் கோடு போட்டான். வண்டி முதல் மிதியிலேயே ஸ்டார்ட் ஆனது. மூன்றே மாதத்தில் வாட்ஸப் குரூப்பின் முகப்புப் படம் மாறியது. பத்ரியின் வண்டி போய் ஜெர்சனின் வண்டி வந்தது.

பத்ரிக்கு வயிறு பற்றி எரிந்தது. வெளியே "சூப்பர்டா" என்று கட்டைவிரல் படம் போட்டார். உள்ளே வெந்தார். போதாக்குறைக்கு அவர் மனைவி வேதா ஒருநாள், "ஜெர்சன் வண்டி சத்தமே போடலைங்க, நம்மளுது ஏன் இப்படிக் கத்துது?" என்று கேட்டுவிட்டாள். அன்றைக்கு அவர் தட்டில் வைத்த தோசையைத் தொடவில்லை.

செப்டம்பர் கடைசியில் பெருங்களத்தூர் பாலத்தருகே அவர் வண்டியின் செயின் அறுந்தது. அங்கேதான் வந்தது பேஜார். அந்த இன்ஜினுக்கான செயின் சைக்கிள் செயினைவிடத் தடிமன், மொபெட் செயினைவிட மெலிசு. எந்தக் கடையிலும் வைத்திருப்பதில்லை. ஆன்லைனில் இருபத்திரண்டு நாள் ஆகும் என்றது. விஜயதசமிக்கு இருந்ததோ ஒன்பது நாள்.

குரூப்பில் யாரோ போட்டார்கள்: 'அப்போ இந்த வாட்டி ஜெர்சன் மாஸ்டர் முன்னாடி போகட்டும்.' கீழே அஞ்சு கைதட்டல்.

அன்று சாயங்காலமே ஜெர்சன் போன் செய்தான். "அண்ணா, என் செயினும் தேஞ்சு போச்சு. இதோட நான் ஜி.எஸ்.டி. ரோட்ல ஏற மாட்டேன். உங்களுக்குக் கிடைச்சா எனக்கும் ஒண்ணு வாங்கிடுங்க. செயின் இல்லன்னா ஒரு லாக்காவது."

லாக் என்பது செயினின் இரண்டு முனையையும் சேர்க்கிற சின்னத் தகடு. சுண்டுவிரல் நகம் அளவுதான். ஆனால் ஓடும்போது அது கழன்றால் செயின் பின் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். வண்டி நின்ற இடத்தில் நிற்கும். பின்னால் லாரி வந்தால் கதை முடிந்தது.

"கண்டிப்பாடா," என்றார் பத்ரி. மனசுக்குள் வேறு கணக்கு ஓடியது. தனக்குக் கிடைத்து அவனுக்குக் கிடைக்காவிட்டால்... முதல் இடம் தன்னுடையது.

தாம்பரம் மார்க்கெட், குரோம்பேட்டை, பல்லாவரம் என்று அலைந்தார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம் புதுப்பேட்டையில் ஒரு பழைய இரும்புக் கடைக்காரர் அறுந்த துண்டைப் புரட்டிப் பார்த்தார்.

"இது இங்க எங்கியும் கெடைக்காது சார். பம்மல்ல ஒரு கட கீது. சாம்பசிவன் கடன்னு கேளு. அங்க இல்லன்னா மெட்ராஸ்லயே இல்ல."

இதை பத்ரி ஜெர்சனிடம் சொன்னாரா? மூச்சு விடவில்லை.

ஆயுத பூஜையன்று காலை ஒன்பதரைக்கு வீட்டில் பூஜை. ஸ்பானர், திருப்புளி, கொறடு எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து சாமி முன்னால் பரப்பினார்கள். செயின் இல்லாத வண்டிக்கும் ஒரு மாலை. "நாளைக்குக் காலைல மறுபூஜை போடற வரைக்கும் டூல்ஸைத் தொடக் கூடாது, ஆமா," என்று வேதா கண்டிப்பாகச் சொன்னாள். வருஷா வருஷம் சொல்வதுதான்.

சாப்பிட்டுப் படுத்தவருக்குத் தூக்கம் வரவில்லை. பண்டிகை நாளில் எந்தக் கடை திறந்திருக்கும் என்று தெரிந்தும் கிளம்பினார். பல்லாவரம் வரை ரயில். அங்கிருந்து வாழைக்கன்று கட்டிய ஷேர் ஆட்டோ. பம்மலில் இறங்கியபோது வானம் கறுத்து வந்தது. தெருவெங்கும் உடைத்த பூசணிக்காய், குங்குமம், நசுங்கிய எலுமிச்சை. பட்டறைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. மூன்றாவது சந்தில் மட்டும் ஒரு ஷட்டர் பாதி தூக்கியிருந்தது.

போனைப் பார்த்தார். மணி 3:10.

குனிந்து உள்ளே போனார். நீளமான கடை. நடுவில் பழைய ஃபிளெக்ஸ் பேனரைத் திரையாகக் கட்டிக் கடையை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இந்தப் பக்கம் பெஞ்சுக்குப் பின்னால் ஒருவர் நின்றிருந்தார். குள்ளம். காக்கிச் சட்டை. வலது கையில் மூன்றே விரல்.

"செயினா?" என்றார். பத்ரி இன்னும் வாயே திறக்கவில்லை.

"ஆமாங்க. மோட்டார் சைக்கிளுக்கு... அதாவது சைக்கிள்ல மோட்டார்..."

"தெரியும். நூத்தி ஆறு கண்ணி."

பத்ரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவருடைய வண்டிச் செயினுக்கு நூற்று ஆறு கண்ணிதான். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சமாளித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். எந்தக் கருவியிலும் சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. ஒரு பொட்டு கூட இல்லை.

"பூஜை போடலீங்களா?"

"போட்டா நாளிக்கு வரிக்கும் தொடக் கூடாதே. எனுக்கு இன்னிக்குத்தான் வேலையே."

அவர் ஒரு செயினை எடுத்துப் பெஞ்சின் மேல் போட்டார்.

சத்தம் வரவில்லை.

பத்ரி செயினையே பார்த்தார். அது அசையாமல் கிடந்தது. அதற்கப்புறம்தான்... 'சலக்'.

மூன்று விரல்காரர் கண்ணிகளை எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

திரைக்கு அந்தப் பக்கமும் யாரோ எண்ணினார்கள். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." கனத்த குரல்.

"அங்க யாரு?" என்றார் பத்ரி.

"என் பார்ட்னர். இன்னொரு ஆளுக்குப் பாத்துகினு கீறான்."

திரை தரையைத் தொடவில்லை. அடியில் ஒரு சாண் இடைவெளி. பத்ரி பார்த்தார். அந்தப் பக்கம் ஒரு ஜோடி வெள்ளை கேன்வாஸ் ஷூ தெரிந்தது. வந்த ஆளின் கால். சரி.

எண்ணுகிறவரின் கால் எங்கே?

ஒரே ஒரு ஜோடிதான் இருந்தது.

பத்ரி மெல்லத் தலையைத் திருப்பினார். எதிரே இருந்த பெஞ்சின் அடியில் பார்க்க வேண்டும் போல இருந்தது. பார்க்கவில்லை. பயம்.

"தொண்ணூத்தி எட்டு... தொண்ணூத்தி ஒம்போது..."

இரண்டு குரலும் ஒன்றாகிவிட்டன.

"நூத்தி ஆறு."

இரண்டும் ஒரே நேரத்தில் நின்றன.

"உனக்கு மட்டுமா?" என்றார் மூன்று விரல்காரர். "இல்ல அவருக்கும் ஒண்ணா?"

"எவருக்கு?"

"பச்ச டேங்கு வச்சிக்கினு கீறாரே."

பத்ரி ஓடியிருக்கலாம். வாசல் பின்னாலேயே இருந்தது. ஆனால் அந்தப் பச்சை டேங்க் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் பயத்தையும் தாண்டிக்கொண்டு அந்தப் பழைய எரிச்சல் வந்தது. அதுதான் மனுஷ புத்தி.

"எனக்கு மட்டும் போதும்," என்றார்.

"அவரு கேட்டா?"

"கிடைக்கலன்னு சொல்லிடுவேன்."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சை இழுத்த மாதிரி இருந்தது.

மூன்று விரல்காரர் சிரித்தார். "நானும் அப்டித்தான் சொன்னேன்."

பெஞ்சின் மேல் இரண்டு லாக்கை வைத்தார். ஒன்று வெள்ளையாகப் பளபளத்தது. இன்னொன்று கறுப்பு.

"வெள்ள கெட்டியா புடிக்கும். கறுப்பு அஞ்சே கிலோமீட்டர்ல வுட்ரும். வெள்ள உனக்கு."

"அப்போ கறுப்பு?"

"வேணும்னா வச்சிக்க."

வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தார் பத்ரி. கை முந்திக்கொண்டது. கறுப்பு லாக் சட்டைப்பையில் விழுந்தபோது கட்டைவிரலில் கறுப்பு மை அப்பியது.

வெளியே வந்து போனைப் பார்த்தார். மணி 3:10.

ஷேர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து மறுபடி பார்த்தார். 4:25.

வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தார். கட்டைவிரல் மை போகவில்லை.

ஆறு மணிக்கு ஜெர்சன் வந்தான். கையில் டூல் பாக்ஸ். எப்போதும் வாசலிலேயே "அக்கா, சுண்டல் ரெடியா?" என்று சத்தம் போடுகிறவன் அன்றைக்குப் பேசாமல் வந்து நின்றான். மாலை போட்ட வண்டி மேல் கிடந்த புதுச் செயினைப் பார்த்தான்.

"கிடைச்சிடுச்சா அண்ணா?"

"ஆமாடா. ஒண்ணுதான் இருந்துது."

"எனக்கு ஒரு லாக்காவது..."

பத்ரியின் கை சட்டைப்பைக்குள் போனது. கறுப்பு லாக் ஜில்லென்று இருந்தது. கொடுத்தால் இவன் சந்தோஷமாக வாங்கிக்கொள்வான். நாளைக்குக் காலை அஞ்சே கிலோமீட்டர். வண்டலூர் தாண்டுவதற்குள்... அதற்கப்புறம் முதல் இடமும் போகாது, குரூப் படமும் திரும்பி வந்துவிடும். இப்படி நினைத்ததாக அவரே பிறகு சொல்லி அழுதார். ஜெர்சன் அவர் முகத்தைப் பார்க்காமல் காத்திருந்தான்.

வேதா சுண்டல் தட்டுடன் வந்தாள். பத்ரி கையை வெளியே எடுத்தார். வெறும் கை.

"லாக் கிடைக்கலடா," என்றார்.

ஜெர்சன் தலையை ஆட்டினான். "பரவால்ல அண்ணா. உங்க டூல்ஸ் எல்லாம் சாமிகிட்ட இருக்கு. இன்னிக்குத் தொட மாட்டீங்க. நான் மாட்டித் தரேன்."

மணி 6:20. அவருக்கு முதுகைக் காட்டிக் குனிந்து உட்கார்ந்து மாட்டினான். வெள்ளை லாக்கை பத்ரிதான் எடுத்துக் கொடுத்தார். 'டிக்' என்று அது உட்காரும் சத்தம் கேட்டது. வலது கட்டைவிரலை மடக்கியபடியே ஜெர்சன் எழுந்தான். சுண்டலைத் தொடாமல் போனான்.

அவன் தெருமுனை திரும்பியதும் பத்ரி ஓடிப்போய் கறுப்பு லாக்கைக் கால்வாயில் வீசினார். அப்பாடா என்றிருந்தது.

மறுநாள் காலை 5:20. மறுபூஜை முடிந்தது. கற்பூர வாசனை. டூல்ஸை எடுத்து வைத்துவிட்டுப் பழக்கதோஷத்தில் செயினைக் கையால் சுற்றிப் பார்த்தார். கண்ணி கண்ணியாக நகர்ந்து லாக் மேலே வந்தது.

கறுப்பு.

போன் லைட்டை அடித்தார்.

கறுப்புதான்.

நேற்று கால்வாயில் போட்டது... இங்கே எப்படி?

கேட் கிரீச்சிட்டது. ஜெர்சன் நின்றிருந்தான். வண்டி இல்லாமல், நடந்தே வந்திருந்தான்.

"அண்ணா... வண்டிய எடுக்காதீங்க."

சட்டைப்பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். பத்ரியின் வெள்ளை லாக்.

"நான் மாத்திட்டேண்ணா. தூங்கவே முடியல. என்னை அடிங்க."

"கறுப்பு லாக் உனக்கு எங்கருந்துடா வந்துது?"

"பம்மல்ல. நேத்து. புதுப்பேட்டைல ஒருத்தர் சொன்னாரு. உங்ககிட்ட சொல்லாமப் போனேன். செயினும் கிடைச்சுது. ரெண்டு லாக் குடுத்தாரு."

"எத்தன மணிக்கு?"

"மூணு பத்து."

ஜெர்சனின் காலைப் பார்த்தார். வெள்ளை கேன்வாஸ் ஷூ.

"யாருடா குடுத்தா? மூணு விரல் ஆளா?"

"இல்லியே. நல்ல உயரம். கண்ணாடி போட்டிருந்தாரு. கனத்த குரல். நடுவுல ஒரு திரை. அந்தப் பக்கம் யாரோ ஒருத்தர், கிடைக்கலன்னு சொல்லிடுவேன்னாரு... உங்க குரல் மாதிரியே இருந்துச்சுண்ணா. இருக்காதுன்னு நினைச்சேன். சாயங்காலம் நீங்க அதே வார்த்தையச் சொன்னீங்க. அப்பதான்..."

அவன் அழுதான். "எவ்ளோ அழகா வண்டி வச்சிருந்தாலும் எல்லாரும் சந்தேகம்னா உங்களைத்தான் கேக்கறாங்க. முதல்ல செஞ்சவர் நீங்கதான்னு சொல்றாங்க. எனக்குத் தாங்கலண்ணா."

பத்ரி தன் கட்டைவிரலைக் காட்டினார். அவன் தன்னுடையதைக் காட்டினான். அதே மை. அதே இடம்.

ஆறு மணிக்கு யார் முன்னால் போனது என்று இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. அவர்கள் போகவில்லை. எட்டு மணிக்குப் பம்மலில் அந்த மூன்றாவது சந்தில் நின்றார்கள்.

ஷட்டர் மூடியிருந்தது. பூட்டு துருவேறி ஷட்டரோடு ஒட்டிப்போயிருந்தது. அடியில் புல் முளைத்திருந்தது.

எதிரே பூக்கடை. ஞானம்மாள் என்று ஒரு அம்மா கதம்பம் கட்டிக்கொண்டிருந்தார். பத்ரி கேட்டார். அந்தம்மா நிமிர்ந்து இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாம்பசிவன் கடையா? அது மூடி பதினோரு வருசம் ஆவுது. மூணு வெரலு சாம்பசிவனும் கண்ணாடிக்கார ஐசக்கும் பார்ட்னருங்க. மோட்டார் வச்ச சைக்கிள் கட்டுவாங்கோ. யாரு கட்ன வண்டி ஒசத்தின்னு ரெண்டு பேருக்கும் ஆவாது. நடுவால பேனர் கட்டிக்கினு அந்தாண்ட ஒருத்தன் இந்தாண்ட ஒருத்தன் வேல செஞ்சானுங்க."

"அப்புறம்?"

"ஒரு ஆயுத பூஜ. என்னா நெனச்சாங்களோ, ராசியாயி, அவன் வண்டிக்கு இவனும் இவன் வண்டிக்கு அவனும் செயின் மாட்டிக் குடுத்துக்கினாங்கோ. ரெண்டு வண்டியும் ஒண்ணாத்தான் பொறப்பட்டுது. ரெண்டு லாக்கும் ஒண்ணாத்தான் கழண்டுச்சு. பின்னாடி லாரி."

ஜெர்சன் பத்ரியின் கையைப் பிடித்துக்கொண்டான். பத்ரி விடவில்லை.

ஞானம்மாள் பூவைக் கீழே வைத்தார்.

"வருசா வருசம் ஆயுத பூஜைக்கு மறுநாளோ மூணாம் நாளோ யாராவது வந்து இந்தக் கடைய விசாரிப்பாங்கோ சார். அழுதுகினே வருவாங்கோ. ஆனா ஒத்தையா ஒருத்தருதான் வருவாரு. ரெண்டு பேரா வந்து நிக்கிறது... நீங்கதான் மொதோ வாட்டி."